கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கிச் சட்டம் மாறப்போகிறதா? வதந்தியையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபரில் ஓர் இரவு, மணி பத்தரை இருக்கும். நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். குரலில் பதற்றம். "வர்ற ஜூலைல இருந்து க்ளாக் கைத்துப்பாக்கி வெச்சிருந்தாலே ஜெயிலாம். எல்லாரும் போலீஸ்ல ஒப்படைக்கணுமாம். இப்பவே கொண்டுபோய்க் கொடுத்துடட்டுமா?" என்றார். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு காரில் கிளம்பும் நிலையில் இருந்தார்.

இரவில், முன்னறிவிப்பு இல்லாமல், பதறிய ஒரு மனிதர் துப்பாக்கியோடு காவல் நிலையத்துக்குள் நுழைந்தால் என்னென்ன நடக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். "பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அரைமணி நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்றேன். பிறகு கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் தளத்தைத் திறந்து அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன்.

அவருக்கு வந்த செய்தி முழுப் பொய் அல்ல. ஏபி 1127 என்றொரு சட்டம் உண்மையிலேயே வந்திருந்தது. ஆளுநர் கேவின் நியூசம் அந்த மாதம்தான் கையெழுத்திட்டிருந்தார். ஜூலை என்பதும் சரி. 2026 ஜூலை 1 என்ற தேதி சட்டத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது உரிமம் பெற்ற கடைக்காரர்கள் விற்பதை. ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் வரி அதில் ஒன்றுகூட இல்லை. ஒப்படைக்கச் சொல்லவும் இல்லை.

இத்தனை வருடங்களில் நான் பார்த்த துப்பாக்கிச் சட்ட வதந்திகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கின்றன. அடியில் ஓர் உண்மை இருக்கும். அதன் கட்டமோ, ஊரோ, தேதியோ, வினைச்சொல்லோ மாறியிருக்கும். அதனால் "இது உண்மையா பொய்யா" என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். "இதில் எது இடம் மாறியிருக்கிறது" என்று தேடினால் சீக்கிரம் பிடிபடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தத் தேடலுக்கானவை. கலிஃபோர்னியாவை வைத்தே சொல்கிறேன். அமெரிக்க மாநிலங்களில் அடிக்கடி மாறும் சட்டமும் இங்கேதான், நம் ஆட்கள் நிறைய பேர் வாழ்வதும் இங்கேதான்.

முதல் படி: செய்தியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து ஐந்து விஷயங்களை எழுதுங்கள். யார் சொன்னது? எந்த அரசு? மசோதா எண் என்ன? எந்தத் தேதி? எதைச் செய்யக் கூடாது என்கிறது? நண்பருக்கு வந்த செய்தியில் எண் இல்லை, ஆண்டு இல்லை, அரசின் பெயர்கூட இல்லை. "ஜூலை", "ஜெயில்", "ஒப்படைக்கணும்" என்ற மூன்று சொற்கள்தான் இருந்தன. எண் இல்லாத சட்டச் செய்தியை நான் அதற்குமேல் யாருக்கும் அனுப்புவதில்லை. அனுப்பியவரிடம் "எண் என்னங்க?" என்று கேட்பேன். பாதி செய்திகள் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் படி: எந்த அரசின் சட்டம்?

இங்கே துப்பாக்கியைப் பற்றி மூன்று அடுக்கில் சட்டம் இருக்கிறது: மத்திய அரசு, மாநிலம், அப்புறம் நகரமும் கவுன்டியும். வதந்தியில் இந்த மூன்றும் கலந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் சான் ஹோசே. 2022 தொடக்கத்தில் அந்த நகர மன்றம், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும், ஆண்டுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று ஒரு நகர விதியை நிறைவேற்றியது. நாட்டிலேயே அப்படி ஒரு விதி அதுதான் முதல். அது சான் ஹோசே எல்லைக்குள் மட்டும். ஆனால் சில மாதங்களில் அதுவே "கலிஃபோர்னியாவில் துப்பாக்கிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்" என்று உருமாறி, சாக்ரமென்டோவில் இருப்பவர்களும் பாலிசி தேட ஆரம்பித்தார்கள். மாநிலம் முழுவதற்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்க 2023இல் எஸ்பி 505 என்ற மசோதா வந்தது உண்மைதான். ஆனால் அது சட்டமாகவில்லை.

வேறு மாநிலத்துச் செய்தியும் வந்து ஒட்டிக்கொள்ளும். "துப்பாக்கி வாங்கவே இனிப் பெர்மிட் வேண்டும்" என்று 2025இல் சுற்றிய செய்தி வாஷிங்டன் மாநிலத்துடையது. அங்கே அந்த ஆண்டு மே மாதம் கையெழுத்தான சட்டம் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. சியாட்டிலில் இருக்கும் மச்சான் அனுப்பியதை ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நாம் நம் சட்டம் என்று படித்துக்கொள்கிறோம்.

மூன்றாம் படி: எண் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும்

கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு அசெம்பிளி, செனட் என்று இரண்டு அவைகள். ஏபி என்றால் அசெம்பிளியில் தொடங்கிய மசோதா, எஸ்பி என்றால் செனட்டில் தொடங்கியது. இங்கே சட்டமன்றம் இரண்டாண்டுக் கூட்டத்தொடராக நடக்கிறது: 2023–24 ஒன்று, 2025–26 ஒன்று. ஒவ்வொரு தொடரிலும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். துப்பாக்கி விற்பனைக்கு வரி போட்ட ஏபி 28, 2023–24 தொடரைச் சேர்ந்தது. அடுத்த தொடரின் ஏபி 28 வேறொரு விஷயம். தளத்தில் தேடும்போது மேலே இருக்கும் கூட்டத்தொடர் ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இதைக் கவனிக்காமல் "நான் போய்ப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை" என்று சொன்னவர்களும் உண்டு. மறுப்பே வதந்தியாகிப்போகும் இடம் இது.

நான்காம் படி: மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நமக்கு ஊரில் பழகியது வேறு. "ஜி.ஓ. வந்துவிட்டது" என்றால் மறுநாளே அமலில் இருக்கும். அந்தப் பழக்கத்தில், ஒரு உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார் என்ற செய்தியையே சட்டம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று: இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் போல அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். அவர் மேடையில் பேசுவது செய்தியாகும், சட்டமாகாது. 2023 ஜூனில் நியூசம் அமெரிக்க அரசியல் சட்டத்துக்கே 28ஆவது திருத்தம் வேண்டும் என்று அறிவித்தபோது, மறுவாரமே "28ஆவது திருத்தம் வந்துவிட்டது" என்று எனக்கு மூன்று பேர் அனுப்பினார்கள். அப்படியொரு திருத்தத்தை மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஏற்க வேண்டும்.

மசோதா நடக்கும் பாதை இது. பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அறிமுகமாகும். அறிமுகமானபின் முப்பது நாள் பொதுப் பார்வையில் இருக்க வேண்டும். அதன்பிறகுதான் கமிட்டி விசாரணை. துப்பாக்கி மசோதா என்றால் பொதுவாகப் பொதுப் பாதுகாப்புக் கமிட்டிக்குப் போகும். அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா என்றால் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டிக்கும் போகும். அங்கே "சஸ்பென்ஸ் ஃபைல்" என்று ஒரு கிடப்பு உண்டு. மே மாதத்தில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள், நூற்றுக்கணக்கான மசோதாக்களை விவாதமே இல்லாமல் வரிசையாக வாசித்து, எது போகும் எது நிற்கும் என்று அறிவிப்பார்கள். பெரிய ஆரவாரத்தோடு வந்த பல மசோதாக்கள் அங்கே சத்தமில்லாமல் முடிந்துபோகும். பிப்ரவரியில் செய்தியைப் பார்த்துப் பயந்தவருக்கு மே மாதம் அது செத்துப்போனதை யாரும் சொல்வதில்லை.

பிழைத்தால் 80 பேர் கொண்ட அசெம்பிளியில் 41 ஓட்டு, 40 பேர் கொண்ட செனட்டில் 21 ஓட்டு வேண்டும். உடனே அமலாகும் அவசர மசோதா என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 54, 27. இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 ஆகஸ்ட் கடைசி இரவு சாட்சி. அந்த ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் நியூயார்க்கின் துப்பாக்கி ஏந்தும் உரிம முறையை ரத்து செய்திருந்தது. அதற்கு எதிர்வினையாக, துப்பாக்கி ஏந்திச் செல்வதைப் புதிதாகக் கட்டுப்படுத்தும் எஸ்பி 918ஐக் கலிஃபோர்னியா அவசர மசோதாவாகக் கொண்டுவந்தது. சாதாரணப் பெரும்பான்மை இருந்தும், 54 எட்டாமல் மயிரிழையில் விழுந்தது. அதே விஷயம் அடுத்த தொடரில் எஸ்பி 2 என்ற பெயரில் வந்து, 2023 செப்டம்பர் 26 அன்று கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1 முதல் சட்டமானது. இடைப்பட்ட ஒரு வருடம் பாதிப்பேர் எஸ்பி 918 அமலில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இரு அவைகளும் தாண்டினால் ஆளுநரிடம் போகும். வழக்கமாக 12 நாள். கூட்டத்தொடர் முடியும்போது குவியும் மசோதாக்களுக்கு 30 நாள். கையெழுத்தும் இடாமல் திருப்பியும் அனுப்பாமல் விட்டால் அது தானாகவே சட்டமாகிவிடும். "கவர்னர் இன்னும் கையெழுத்து போடலை, அதனால வராது" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் மறுத்துவிட்டால் அநேகமாக அத்தோடு முடிந்தது. ஆளுநரின் மறுப்பைச் சட்டமன்றம் மீறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

சட்டமன்றத் தளத்தில் மசோதாவின் எண்ணைத் திறந்தால் "ஸ்டேட்டஸ்", "ஹிஸ்டரி" என்ற தாவல்கள் இருக்கும். கடைசி வரியைப் பாருங்கள். "சாப்டர்டு" என்று இருந்தால் மட்டுமே அது சட்டம். மற்ற எந்தச் சொல்லாக இருந்தாலும் அது இன்னும் ஆசை மட்டுமே.

ஐந்தாம் படி: வாசகத்தைப் படியுங்கள், குறிப்பாக வினைச்சொல்லை

சட்டம் படிக்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மசோதாவின் தொடக்கத்திலும் சட்டமன்ற ஆலோசகர் அலுவலகம் எழுதிய சுருக்கம் இருக்கும். முதலில் "இப்போதுள்ள சட்டம் இப்படிச் சொல்கிறது" என்று இருக்கும், அடுத்து "இந்த மசோதா இப்படி மாற்றும்" என்று வரும். அதை மட்டும் படித்தாலே முக்கால்வாசி புரியும். திருத்தப்பட்ட மசோதாவில் புதிதாகச் சேர்த்தது சாய்வெழுத்திலும், நீக்கியது குறுக்குக்கோடு போட்டும் இருக்கும். மார்ச்சில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து செப்டம்பரில் சண்டை போடாதீர்கள். இடையில் ஐந்தாறு முறை திருத்தியிருப்பார்கள்.

பிறகு வினைச்சொல்லைத் தேடுங்கள். தயாரிப்பது, விற்பது, கைமாற்றுவது, வைத்திருப்பது, ஏந்திச் செல்வது: ஐந்தும் சட்டத்தில் தனித்தனிச் செயல்கள். வதந்தி ஐந்தையும் "தடை" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும்.

ஏபி 1127ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் கவலை "ஸ்விட்ச்" என்று அழைக்கப்படும் சின்னக் கருவி. பிஸ்டலின் பின்புறத்தில் அதைப் பொருத்தினால், ஒருமுறை விசையை அழுத்தியதும் தோட்டாக்கள் தொடர்ந்து பாயும். அந்தக் கருவி முன்பிருந்தே சட்டவிரோதம். புதிய சட்டம் ஒரு படி மேலே போய், வீட்டில் இருக்கும் சாதாரணக் கருவிகளாலேயே அப்படி மாற்றிவிடக்கூடிய, சிலுவை வடிவ விசைப்பட்டை கொண்ட பிஸ்டல்களை உரிமம் பெற்ற டீலர்கள் 2026 ஜூலை 1 முதல் விற்கக் கூடாது என்கிறது. வரையறையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பகுதியின் வடிவம்தான் இருக்கிறது. அந்த வடிவம் க்ளாக் வகைத் துப்பாக்கிகளில் இருப்பதால் "க்ளாக் தடை" என்று பெயர் வந்தது. காவல்துறைக்கு விற்பது போன்ற விதிவிலக்குகளும் எழுதப்பட்டிருக்கின்றன. வினைச்சொல் டீலரின் மீது விழுகிறது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் துப்பாக்கியின் மீது அல்ல.

இதேபோல் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது "ரோஸ்டர்", அதாவது மாநில நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் ஒரு துறை) வெளியிடும் அனுமதிக்கப்பட்ட கைத்துப்பாக்கிகளின் பட்டியல். 1999இல் இயற்றிய சட்டத்தால் 2001 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு மாடல் பட்டியலிலிருந்து விழுந்தால் உடனே "அந்தத் துப்பாக்கி இனிச் சட்டவிரோதம்" என்று செய்தி பறக்கும். தயாரிப்பாளர் ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டாலே விழுந்துவிடும். விழுந்தால் கடையில் புதிதாக விற்க முடியாது. வாங்கி வைத்திருப்பவருக்கு அதனால் குற்றம் ஏதும் இல்லை. டெக்சாஸிலிருந்து குடிபெயர்ந்து வருபவர் பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியைத் தன்னோடு கொண்டுவரவும் முடியும், ஆனால் வந்த 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குப் பதிவு அறிக்கை கொடுக்க வேண்டும். அவரிடம் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் இருந்தால் அது தனிச் சட்டம். அதைக் கொண்டுவரக் கூடாது. ஆஸ்டினிலிருந்து சன்னிவேலுக்கு மாற்றலாகி வரும் எவரும் லாரி ஏற்றும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

வாசகத்தில் கடைசியாகத் தேதி. சாதாரணச் சட்டங்கள் அடுத்த ஜனவரி 1 அன்று உயிர் பெறும். ஆனால் உள்ளே உள்ள ஒரு விதி அதற்கும் பிந்தித் தொடங்கலாம். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் எஸ்பி 53, 2024 செப்டம்பரில் கையெழுத்தானது. அந்தக் கடமை தொடங்கியது 2026 ஜனவரி 1. இதைவிட விசித்திரமானது மைக்ரோஸ்டாம்பிங். சுடும்போது தோட்டாவின் உறையில் துப்பாக்கியின் அடையாள எண் பதிய வேண்டும் என்ற சட்டத்தில் 2007இல் அன்றைய ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸெனெகர் கையெழுத்திட்டார். 2010இல் தொடங்கும் என்றார்கள். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் காப்புரிமைச் சிக்கல் இல்லாமல் எல்லோருக்கும் கிடைக்கிறது என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் சான்று தந்தால்தான் அமலாகும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்தச் சான்று 2013 மே மாதம்தான் வந்தது. தந்தவர் கமலா ஹாரிஸ். கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவே ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் பத்தாண்டு காலம் புதிய மாடல் பிஸ்டல்கள் பட்டியலில் சேருவது கிட்டத்தட்ட நின்றேபோனது. 2009இல் "அமலில் இருக்கிறது" என்றவரும் தவறு, 2012இல் "அது செத்த சட்டம்" என்றவரும் தவறு.

ஆறாம் படி: துறையின் விதிமுறைகள்

சட்டம் வந்தபின் அதை எப்படி நடத்துவது என்று மாநில நீதித்துறையின் துப்பாக்கிப் பிரிவு விதிமுறை எழுதும். வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்கு 45 நாள் கொடுக்க வேண்டும். அந்த வரைவைத்தான் பலர் இறுதி விதி என்று பரப்புகிறார்கள். வரைவு என்றால் உங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்று அர்த்தம். பயப்படுவதைவிட அது நல்ல காரியம். டீலர்களுக்கு அந்தப் பிரிவு அனுப்பும் தகவல் அறிக்கைகளும் தளத்தில் கிடைக்கும். கடைக்காரர் "எங்களுக்கு லெட்டர் வந்திருக்கு" என்றால், அது அங்கே இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: நீதிமன்றம் என்ன சொன்னது, அது இன்றும் நிற்கிறதா?

கலிஃபோர்னியாவின் துப்பாக்கிச் சட்டங்களில் வழக்குக்குப் போகாதது குறைவு. தீர்ப்புச் செய்தி வந்தால் மூன்று கேள்விகள். எந்த நீதிமன்றம்? இறுதித் தீர்ப்பா, இடைக்கால உத்தரவா? மேல்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்திருக்கிறதா?

எஸ்பி 2 பட்ட பாட்டைப் பாருங்கள். பூங்கா, மருத்துவமனை, பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களுக்கு உரிமம் உள்ளவரும் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்றது சட்டம். 2023 டிசம்பர் 20 அன்று மாவட்ட நீதிபதி கார்மக் கார்னி அந்தப் பகுதிகளுக்குத் தடை போட்டார். டிசம்பர் 30 அன்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தியது. ஆக ஜனவரி 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. ஜனவரி 6 அன்று அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு அந்த நிறுத்தத்தை விலக்க, மாவட்ட நீதிபதியின் தடை திரும்ப உயிர் பெற்றது. 2024 செப்டம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு சில இடங்களில் சட்டம் செல்லும், சில இடங்களில் செல்லாது என்று பிரித்தது. டிசம்பர் 20க்கும் ஜனவரி 6க்கும் இடையே, பதினேழே நாளில் நிலைமை மூன்று முறை புரண்டது. டிசம்பர் 22 செய்தியை நம்பி ஜனவரி 3 அன்று துப்பாக்கியோடு பூங்காவுக்குப் போனவர், தன்னை அறியாமல் குற்றம் செய்திருப்பார். உண்மையான செய்திதான், ஆனால் காலாவதியானது.

இன்னொரு நுணுக்கம். 2025 ஜூலை 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, தோட்டா வாங்குவதற்கான பின்னணிச் சோதனை செல்லாது என்றது. தலைப்புச் செய்தி அப்படித்தான் வந்தது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு, அதன் கட்டளை முறைப்படி கீழ்நீதிமன்றத்துக்குப் போன பிறகே செயல்படத் தொடங்கும். அதுவரை பழைய விதிதான். அன்று மாலை கடைக்குப் போய் வாக்குவாதம் செய்தவர்களுக்கும் சோதனை நடந்தது.

சில சமயம் நீதிமன்றமும் சட்டமன்றமும் மாறி மாறி நகர்த்தும். 30 நாளுக்கு ஒரு துப்பாக்கி என்ற வரம்பை 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு சட்டமன்றம் ஏபி 1078இல் 30 நாளுக்கு மூன்று என்று எழுதியது. "வரம்பு போய்விட்டது" என்று பாதி வரலாற்றோடு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எட்டாம் படி: அவசரப்படுத்துபவர் யார்?

2024 ஜூனில் இதே நண்பரை ஒரு கடையில், "ஜூலை 1க்கு அப்புறம் வாங்கவே முடியாது" என்று சொல்லி அந்தத் துப்பாக்கியை வாங்க வைத்தார்கள். அவர் பக்கத்து வீட்டில் திருட்டு நடந்த கலக்கத்தில் இருந்தார். இன்னும் யோசிக்க வேண்டும், மனைவியிடம் பேச வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தவர், கெடு என்று கேட்டதும் கார்டை நீட்டிவிட்டார். எனக்கு இன்றும் இது வருத்தம். துப்பாக்கி வாங்குவது பதற்றத்தில் எடுக்கும் முடிவு அல்ல.

உண்மையில் அந்த ஜூலை 1 அன்று தொடங்கியது ஏபி 28இன் 11 சதவீத வரி. உரிமம் பெற்ற டீலர்களின் சில்லறை விற்பனை மீதான வரி அது. 600 டாலர் பிஸ்டலுக்கு 66 டாலர். வாங்க முடியாமல் போகவில்லை. "வீட்டில் இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வருடா வருடம் 11 சதவீதம்" என்று அப்போது சுற்றியதும் தவறு.

"இப்போதே வாங்கு" என்ற சொல் செய்தியில் இருந்தால், அதைச் சொல்பவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கடைக்கு விற்பனை கிடைக்கிறது. நன்கொடை கேட்கும் அமைப்புக்கு, அது துப்பாக்கி உரிமைக்காரர்களாக இருந்தாலும் கட்டுப்பாடு கேட்பவர்களாக இருந்தாலும், பணம் கிடைக்கிறது. இரண்டு பக்கத்தாரின் அறிக்கைகளையும் நான் படிக்கிறேன். மசோதா எண்ணையும் வழக்கின் பெயரையும் எடுத்துக்கொள்வேன், முடிவை அவர்களிடமிருந்து எடுப்பதில்லை.

அதோடு, இங்கே கடைசி நாள் ஓட்டம் பலிப்பதும் கடினம். கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் 30 கேள்விகளில் 23 சரியாக வர வேண்டும். பணம் கட்டினாலும் பத்து நாள் காத்திருந்த பிறகே துப்பாக்கி கைக்கு வரும்.

ஒன்பதாம் படி: உங்கள் விசா நிலை

நம் வட்டத்தில் சுற்றும் வதந்திகளில் மிக ஆபத்தானது இதுதான்: "கலிஃபோர்னியா டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் போதும், யாரும் வாங்கலாம்." இல்லை. எச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற குறுகிய விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இதை மீறினால் சிறைத் தண்டனைக்குரிய மத்தியக் குற்றம். இந்த நாட்டில் தங்குவதே கேள்விக்குறியாகும். இந்த ஒரு விஷயத்தில் இந்த வழிகாட்டியைக்கூட நம்பி நிற்காதீர்கள். துப்பாக்கிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

பத்தாம் படி: திருத்தி அனுப்புங்கள்

கண்டுபிடித்ததை உங்களோடு வைத்துக்கொண்டால், அந்தச் செய்தி இன்னும் பத்துப் பேரைப் பதற வைக்கும். எண், ஆண்டு, கட்டம், வினைச்சொல், தேதி ஐந்தையும் நாலு வரியில் எழுதுங்கள். அனுப்பியவரைக் குத்திக்காட்ட வேண்டாம். அவரும் பயந்துதான் அனுப்பியிருப்பார். நீங்கள் பார்த்த தேதியை மறக்காமல் போடுங்கள், ஏனென்றால் உங்கள் திருத்தமும் ஒருநாள் பழசாகும்.

அன்றிரவு பதினொன்றேகால் மணிக்கு நண்பர் இருந்த குழுவில் நான் போட்டது இது:

"எல்லாருக்கும் வணக்கம். ஏபி 1127, 2025–26 தொடர். ஆளுநர் கையெழுத்து ஆகிவிட்டது, அதனால் சட்டம்தான். 2026 ஜூலை 1 முதல் சில வகை பிஸ்டல்களை டீலர்கள் விற்கத் தடை. ஏற்கெனவே முறைப்படி வாங்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. யாரும் இந்த நேரத்தில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். ஆனால் ஜனவரி 1 முதல் வீட்டில் பூட்டி வைப்பது கட்டாயம், அது எஸ்பி 53. பூட்டு இல்லாதவர்கள் இந்த வாரமே வாங்கிவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அவரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. "பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட இருக்கு."